ஆறு லட்சம் ரூபாயை எந்தத் தேதியில் கொடுப்பது?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் திரட்ட முடியும் என்கிறீர்கள். அதை 30 பேருக்கு ஆளுக்கு 20,000 என்று பிரித்துக் கொடுப்பதா, மூன்று நான்கு பேரின் முழுச் செலவையும் ஏற்பதா என்பது உங்கள் கேள்வி. கடைசியில் தயக்கத்தோடு இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "இப்படி உதவி வாங்கிப் படிக்கிற பிள்ளைகள் நிஜமாகவே இன்ஜினியர், நர்ஸ், வக்கீல் என்று நிலைக்கிறார்களா, இல்லை இது நம் மனத்திருப்திக்குத்தானா?" இந்த வரிக்குப் பதில் சொன்னால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உதவித்தொகையால் படிப்பை முடிப்பவர்கள் கூடுகிறார்கள் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பஃபெட் குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று தன் உதவித்தொகையில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் குலுக்கல் முறையில் கொடுத்தது. கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டதில், நான்காண்டுக் கல்லூரிக்குப் போக இருந்தவர்களில் பட்டம் முடித்தவர்கள் சுமார் 8 சதவீதப் புள்ளி அதிகம். முடிக்கமாட்டார்கள் என்று கணிக்கப்பட்ட பிள்ளைகளிடம்தான் பலன் கூடுதலாக இருந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய அசாப் என்ற திட்டம் இன்னும் ஒரு படி மேல். கட்டணத்தில் விழும் துண்டு, பாடப்புத்தகம், மெட்ரோ ரயில் அட்டை ஆகியவற்றோடு அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டிய ஓர் ஆலோசகரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம், திட்டத்துக்குள் 40. பணம் மட்டும் கொடுத்த இடத்தையும் பணத்தோடு ஆளையும் கொடுத்த இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு படிப்பு என்பதால் எண்ணோடு எண்ணை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது.

சந்தேகத்துக்குரிய பகுதியும் உண்டு. அறக்கட்டளைகள் ஆண்டு விழாவில் சொல்லும் "எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர் இன்ஜினியர்" என்ற கணக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அத்தனையும் உதவியின் விளைவு என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் 560 எடுத்த பிள்ளையைப் பொறுக்கி எடுத்தால், நீங்கள் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை ஏதோ ஒரு வழியில் கரையேறியிருக்கக்கூடும். பட்டம் வாங்கியவர் எல்லாரும் அந்தத் தொழிலில் நிலைத்தார்கள் என்றும் பொருளில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்பதில்: உதவி நிச்சயம் பலன் தரும், ஆனால் பலன் முழுக்கச் சில குறிப்பிட்ட தேதிகளில்தான் குவிந்திருக்கிறது. அந்தத் தேதியில் வந்து சேராத பணம் வராத பணம்தான்.

தமிழ்நாட்டில் இன்று யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்குப் பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இருவர் வரை. இதெல்லாம் இருக்கும்போது உங்கள் 6 லட்சத்தைக் கல்விக் கட்டணத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது, அரசு கட்ட வேண்டிய பில்லை நீங்கள் கட்டுவதுதான்.

இந்த வலையில் ஓட்டைகளும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 கிடையாது. ஏழாம் வகுப்பை மட்டும் பக்கத்துத் தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைக்கும் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சலுகை போச்சு. "சீட் இருக்கு, இப்பவே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று மே மாதத்தில் ஒரு முகவர் வீட்டுக்கு வந்து, கையில் இருந்த பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கலந்தாய்வில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய இடம் கடனாகிவிடும். உங்கள் சங்கம் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி, ஏப்ரலிலேயே வீடு வீடாகப் போய் "கலந்தாய்வு முடியும்வரை யாருக்கும் எதுவும் கட்டாதீங்க" என்று சொல்லி வருவது.

இனித் தேதிகள். மே மாதம் தேர்வு முடிவு வந்ததிலிருந்து முதல் செமஸ்டர் வகுப்பு தொடங்கும் வரை ஒரு குடும்பத்தின் கையிலிருந்து பணம் எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று என ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதைவிட, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று அலைவதில் அப்பாவோ அம்மாவோ இழக்கும் நாலு நாள் கூலி பெரிது. கல்லூரியைப் பார்த்துவர இருவருக்குப் பஸ் டிக்கெட். விடுதியில் இடம் போட முன்பணம், மெஸ் முன்பணம். மெத்தை, வாளி, பூட்டு, இரண்டு செட் உடுப்பு, ஷூ. முதலாண்டு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்துக்கு மினி டிராஃப்டர் என்ற வரைகருவி. ஏறக்குறைய 1,500 ரூபாய்க்கு ஒரு கேஷியோ கால்குலேட்டர். தனித்தனியே பார்த்தால் சில்லறை. கூட்டினால் அந்த வீட்டின் ஒன்றிரண்டு மாத வருமானம். அரசு தரும் தொகையில் பெரும்பாலானது வகுப்பு தொடங்கி, கல்லூரி விவரங்களைப் பதிவேற்றி, சரிபார்த்த பிறகுதான் வரும். அந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வருகிறார், அல்லது "இந்த வருஷம் வேலைக்குப் போ, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற பேச்சு வருகிறது. அந்த அடுத்த வருஷம் அநேகமாக வருவதே இல்லை.

வந்த பணமும் வழியில் நிற்கும். ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் உதவித்தொகை போகும். பள்ளியில் தொடங்கிய பழைய கணக்கு இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடக்கும். கல்லூரிக்கு அருகே புதுக் கணக்கு திறந்திருப்பார்கள், அது இணைந்திருக்காது. மதிப்பெண் பட்டியலில் "செ. கவிதா", ஆதாரில் "கவிதா செல்வராஜ்" என்று இருந்தால் அதற்கு ஓர் அலைச்சல். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பழையதை வைத்து விண்ணப்பித்தால் புதுப்பித்தலில் மாட்டிக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்பு ஜனவரியில், இன்னும் பள்ளிச் சீருடையில் இருக்கும்போதே, உங்கள் ஆட்கள் இரண்டு பேர் மூன்று சனிக்கிழமை பள்ளிக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையின் ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் நான்கிலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பணம் காத்துக் கிடப்பது இன்றைய நோய் மட்டுமல்ல. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் அறத்துக்கென்று விட்டுப்போன செல்வம் வழக்கில் சிக்கி, அதிலிருந்து முதல் பள்ளி சென்னையில் திறந்தது 1842இல். நாற்பத்தெட்டு ஆண்டு. பிறகு அது கல்லூரியாக வளர்ந்து எத்தனையோ பேரைப் படிக்கவைத்தது, அது வேறு கதை. அந்த இடைவெளியில் சிறுவனாக இருந்து கிழவனானவனுக்கு அந்த அறத்தால் என்ன பயன்?

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 30 பேருக்கு 20,000 என்றாலும், மூவருக்கு முழுச் செலவு என்றாலும், இரண்டிலும் ஒரே தவறு ஒளிந்திருக்கிறது. பொறியியல் நான்கு ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. முதலாண்டு சேர்த்தவர்களுக்கு அடுத்த ஆண்டும் கொடுக்க வேண்டும், அப்போது புது அணியும் வந்து நிற்கும். நான்காம் ஆண்டில் நான்கு அணிகள் ஒரே நேரத்தில் உங்கள் கையை எதிர்பார்க்கும். முதல் ஆண்டிலேயே முழுப் பணத்தையும் செலவழித்த சங்கங்கள் மூன்றாம் ஆண்டில் மூச்சு வாங்குவது இதனால்தான். நடுவில் கைவிடப்படும் பிள்ளை ஆரம்பத்திலேயே உதவி கிடைக்காத பிள்ளையைவிட மோசமான நிலையில் நிற்கும். ஆகவே பின்னாலிருந்து கணக்கிடுங்கள். 6 லட்சத்தில் 1 லட்சத்தை அவசர நிதியாக ஒதுக்குங்கள். மீதி 5 லட்சத்தை ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 என்று வகுத்தால் ஒரே சமயத்தில் 20 பேர், அதாவது ஆண்டுக்கு 5 புதியவர்கள். முதல் ஆண்டில் செலவு ஒன்றேகால் லட்சம்தான் ஆகும். "மீதியை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று நன்கொடையாளர்கள் கேட்பார்கள், இந்தக் கணக்கை அவர்களுக்கு முதல் கூட்டத்திலேயே காட்டிவிடுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற வரி விதி இருக்கிறது. ஆனால் நோக்கத்தைச் சொல்லி உரிய படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்தால் ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். ஆடிட்டரிடம் மார்ச் மாதத்துக்கு முன்பே பேசுங்கள்.

கல்விக் கட்டணச் சலுகை உள்ள பிள்ளைக்கு 25,000 போதும். அதையும் மாதம் 2,000 என்று சமமாகப் பிரிக்காதீர்கள். சேரும் மாதத்தில் 10,000, ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் கொஞ்சம், மெஸ் பில் நிலுவை விழும் மாதங்களில் கொஞ்சம் என்று தேதியோடு கொடுங்கள். அவசர நிதியின் விதி ஒன்றே ஒன்று: கோரிக்கை வந்த 48 மணி நேரத்தில் முடிவு. அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல் இதைத்தான் செய்கிறது. கட்டணத்தில் சிறு பாக்கி வைத்துப் பெயர் நீக்கப்படும் நிலையில் உள்ள மாணவர்களைத் தானே தேடிக் கண்டுபிடித்து, விண்ணப்பம் கேட்காமலே அந்தப் பாக்கியை அடைக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை கேட்கவே கேட்காது. "மெஸ் பில் கட்டலண்ணா" என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடும்.

முதல் செமஸ்டரில் பணத்தைவிடப் பெரிய பள்ளம் மொழி. தமிழ்வழியில் கணக்கில் 90க்கு மேல் எடுத்த பிள்ளைக்கு வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் அணிகளும் நன்றாகத் தெரியும். பேராசிரியர் பலகையில் டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ் என்று எழுதும்போது அது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்துக்கொள்கிறது. முடுக்கம்தான் ஆக்சிலரேஷன், உந்தம்தான் மொமென்டம், மின்தேக்கிதான் கெப்பாசிட்டர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்குள் முதல் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். இதற்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு உதவாது. ஜூன், ஜூலையில் மூன்று வாரம், நாள் இரண்டு மணி நேரம், பதினோராம் பன்னிரண்டாம் வகுப்பின் அதே கணக்குகளை ஆங்கிலவழிப் பாடநூலை வைத்து மறுபடி போடவைப்பதுதான் மருந்து. தெரிந்த கணக்கு என்பதால் பயம் இருக்காது. சொல் மட்டுமே புதிது. இருமொழியில் 300 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அச்சடித்துக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள்.

ஏன் முதல் செமஸ்டருக்கு இத்தனை முக்கியத்துவம் என்றால், அப்போது விழும் அரியர் வேலைவாய்ப்பு வரை துரத்தும். வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்பதைத்தான் முதல் சல்லடையாக வைத்திருக்கின்றன. அரியர் எழுதவும் கட்டணம். அரியருக்குப் படித்தால் அந்த செமஸ்டர் பாடம் போகும். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் வருகை 75 சதவீதம் வேண்டும். அறுவடைக்கும் தங்கை சடங்குக்கும் ஊருக்குப் போய் நாள் கணக்கில் தங்கும் பிள்ளை இங்கே சறுக்கும்.

அதனால்தான் ஆள் வேண்டும் என்கிறேன். உங்கள் சங்கத்தில் ஒருவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசினால் போதும். "எப்படிப்பா படிக்கிற?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறேண்ணா" என்ற பதில்தான் வரும், நான்கு ஆண்டும் அதே பதில்தான். "அட்டெண்டன்ஸ் எத்தனை பர்சென்ட்? மேத்ஸ் இன்டர்னல்ல என்ன மார்க்? மெஸ் பில் எது வரைக்கும் கட்டியிருக்கு? கடைசியா எப்ப ஊருக்குப் போன?" என்று கேளுங்கள். மாணவிகளிடம் பேச ஒரு அக்கா இருப்பது நல்லது. இரண்டு முறை தொடர்ந்து போனை எடுக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது நேரில் போக வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் உதவி அதிகம் தேவைப்படாதவரிடம் போய்ச் சேரும். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 2006இல் நடிகர் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளை 2010 முதல் நடத்தும் விதை திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் நிலைமையை அறிந்து வருகிறார்கள். கல்லூரிகளோடு பேசி இடமும் வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒசூர் வட்டாரத்துப் பாலிகானப்பள்ளியில் 1997இல் ஏப்ரகாம் ஜார்ஜ் தொடங்கிய சாந்தி பவன் வேறு வழி. ஒரு குடும்பத்திலிருந்து ஒரே ஒரு குழந்தை, நான்கு வயதிலேயே உறைவிடப் பள்ளியில் சேர்த்து, கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்வரை கூட வருகிறார்கள். அந்த வழிக்கு உங்கள் பணம் ஒரு மூலைக்கும் காணாது. இரண்டிலிருந்தும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, முன்பக்கம் வீடு வரை போவதும் பின்பக்கம் முதல் வேலை வரை போவதும்.

எல்லாரையும் பொறியியலுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் உடனடி வருமானம் தேவை என்றால் நர்சிங் நல்ல வழி. ஆனால் அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, முடித்தபின் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று பார்க்காமல் சேர்க்கக் கூடாது. பெயர்ப்பலகையில் "பாராமெடிக்கல்" என்று எழுதிய கட்டடமெல்லாம் கல்லூரி ஆகாது. சி.ஏ. படிப்பில் கட்டணம் குறைவு, காலம்தான் செலவு. 2023இல் வந்த புதிய முறையில் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு ஆண்டு. அப்போது கிடைக்கும் பயிற்சித்தொகையில் நகரத்தில் வாடகை கட்டிப் பிழைப்பது கடினம். சட்டம் படித்தவருக்கு வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பொதுப் பிரிவுக்கு 750, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று குறைந்துவிட்டது. ஆனால் சீனியரிடம் முதல் இரண்டு மூன்று ஆண்டு கையில் பெரிதாக எதுவும் வராது. இந்த இரு தொழில்களில் உங்கள் உதவி பட்டத்துக்குப் பிறகுதான் அதிகம் தேவைப்படும் என்பதைத் தெரிந்து கொண்டே ஏற்க வேண்டும்.

பொறியியலிலும் கடைசித் தேதி பட்டமளிப்பு இல்லை. வேலை ஆணை கையில் இருக்கும், சேரச் சொல்லி அழைப்பு வரப் பல மாதம் ஆகும். அழைப்பு வந்தால் சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி அட்வான்ஸ், ஒரு மாதச் சாப்பாடு, பஸ், இரண்டு சட்டை. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். இதற்கு 15,000 முதல் 20,000 வரை வட்டியில்லாக் கைமாற்று கொடுங்கள். சம்பளம் வந்தபின் மாதம் 2,000 என்று திருப்பித் தரட்டும். இந்த ஒன்றை மட்டும் கடனாகக் கொடுப்பதில் தவறில்லை. மற்ற உதவிக்குப் பத்திரம் எழுதி வாங்காதீர்கள். "வேலைக்கு டெபாசிட் கட்டு" என்று கேட்கும் கன்சல்டன்சி பக்கம் போகவிடாமல் தடுப்பதும் இந்த மாதங்களில்தான். கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொண்டால், அது கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இலேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகலோடு உங்களில் ஒருவர் போய் முதல்வரைப் பார்த்தால் பெரும்பாலும் காரியம் நடக்கும்.

மேடையில் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் படம் வாட்ஸப்பில் அந்தப் பிள்ளையின் வகுப்பு வரை போகும், பிறகு உங்கள் போனை எடுக்காது. சங்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறி ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் அனுப்பினால் ஆகும். அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அப்படிப்பட்ட நண்பர்களிடம் பணத்துக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒரு போன் கேளுங்கள். அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.